கோர்தோபா நகரில் ஐந்து மணி நேரமா, இரண்டு இரவுகளா? முதியவருடன் செல்லும் பயணத்துக்கு ஆலோசனை வேண்டும்

முல்லைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈஸ்டர் வாரக் கூட்டம் தணிந்த பிறகு, ஏப்ரல் நடுவில், நானும் கணவரும் என் மாமியாரும் ஸ்பெயினுக்குச் செல்லவிருக்கிறோம். மாட்ரிட்டில் இறங்கி செவில்லேயிலிருந்து திரும்ப விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. விடுதி எதையும் இன்னும் பதிவு செய்யவில்லை. இரண்டு நகரங்களுக்கும் இடையில் இரண்டு மூன்று நாட்கள் கையில் இருக்கின்றன.

கோர்தோபாவைப் பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் விருப்பம். அவர் 34 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். பத்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மாபெரும் நகரங்களில் ஒன்றாக அது விளங்கியது என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லியிருக்கிறார். "இப்போது அங்கே என்ன மிச்சம் இருக்கிறது டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டபோது தன்னால் விடை சொல்ல முடியவில்லை என்பதை இன்றும் நினைவுகூர்வார். அவருக்கு இப்போது 68 வயது. மூட்டு வலி உண்டு. சமதளத்தில் மெதுவாக ஒரு மணி நேரம் நடப்பார், படிகள்தாம் சிரமம். இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டார்.

கணவரின் திட்டம் வேறு. மாட்ரிட்டிலிருந்து காலை ரயிலில் கிளம்பி, கோர்தோபாவில் ஐந்து மணி நேரம் நின்று, அங்குள்ள புகழ்பெற்ற பழைய மசூதியை மட்டும் பார்த்துவிட்டு, மாலையே கிரனாடாவுக்குச் சென்றுவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் இரண்டு நாள் தங்கும் அளவுக்கு அங்கே விஷயம் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. சென்று வந்தவர்கள் எத்தனை நாள், எந்தக் கிழமை, எதை விடலாம், எதை விடக்கூடாது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வழிப்போக்கன் எழுதியது:

வணக்கம். நான் கோர்தோபாவுக்கு மூன்று முறை சென்றவன். முதல் முறை உங்கள் கணவர் சொல்வதைப் போலத்தான் ஐந்து மணி நேரத்தில் பார்த்துவிட்டு ரயிலேறினேன். அன்று நான் கண்டது பெரும்பாலும் முன்னால் நின்றவர்களின் முதுகுகளைத்தான் என்பது இரண்டாம் முறை ஓர் இரவு தங்கியபோதுதான் புரிந்தது. மாட்ரிட்டிலிருந்தும் செவில்லேயிலிருந்தும் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களால் அந்நகரின் பழைய பகுதி பகல் முழுதும் நிரம்பி வழியும். அவர்கள் போன பிறகு அதே சந்துகளில் உங்கள் காலடி ஓசை உங்களுக்கே கேட்கும். ஆகவே தயங்காமல் இரண்டு இரவுகள் தங்குங்கள்.

கிரனாடாவை இந்த முறை விட்டுவிடுவதே நல்லது. அல்ஹம்பிரா அரண்மனைக்கு வெகு முன்னதாகவே சீட்டு தீர்ந்துவிடும். அதன் உள் அரண்மனைகளுக்குள் சீட்டில் குறித்த நேரத்தில்தான் நுழைய முடியும். அது மேட்டின் மேல் இருக்கும் பெரிய வளாகம். மூட்டு வலி உள்ளவரை ஒரு நாள் கோர்தோபாவிலும் மறுநாள் அங்கும் நடக்க வைத்தால் இரண்டும் மனத்தில் தங்காது.

கிழமையைப் பற்றி: திங்கட்கிழமையை எப்படியாவது தவிர்த்துவிடுங்கள். பழைய யூத வழிபாட்டிடம், அல்காசர் கோட்டை அரண்மனை, வியானா அரண்மனை, ஊருக்கு வெளியே உள்ள மதீனா அஸாஹாரா என்ற பழைய அரண்மனை நகரின் இடிபாடுகள் ஆகிய அனைத்துக்கும் அன்று விடுமுறை. மசூதிக் கட்டடம் இப்போது கத்தோலிக்கப் பேராலயம்; ஞாயிறு முற்பகலில் அதற்குள் திருப்பலி நடப்பதால் பார்வை நேரம் இரண்டாகப் பிரிந்துவிடும். செவ்வாய் நண்பகல் வந்து வியாழன் மாலை கிளம்புவது எல்லா வகையிலும் பொருந்தும். மாட்ரிட் அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். கோர்தோபாவிலிருந்து செவில்லேக்கு முக்கால் மணி நேரம். ஸ்பெயினின் முதல் அதிவேகத் தடமே 1992இல் இந்த மூன்று ஊர்களையும் இணைத்துப் போடப்பட்டதுதான். சீட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை கணிசமாகக் குறையும்.

இனி மசூதி. ஊரார் அதை மெஸ்கித்தா என்கிறார்கள். உங்கள் மாமியார் வரலாறு கற்பித்தவர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்த ஒரு கட்டடத்தைச் சரியாகப் பார்த்துவிட்டால் அந்த மாணவியின் கேள்விக்கு அவரால் பதில் சொல்லிவிட முடியும்.

785ஆம் ஆண்டு, அப்போது இங்கே ஆண்ட முஸ்லிம் மன்னர் முதலாம் அப்துர் ரஹ்மான் அதைக் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் மும்முறை விரிவாக்கினார்கள். இன்று உள்ளே 850க்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. நுழைந்தவுடன் நடந்துகொண்டே போகாமல், அந்த முதல் பகுதியிலேயே நின்று தூண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று கருமை, அடுத்தது இளஞ்சிவப்பு, அதற்கடுத்தது சாம்பல் நிறம்; தூண்களின் உச்சியில் உள்ள செதுக்கிய தலைப்புகளும் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. அவற்றில் பல, ரோமானியக் கட்டடங்களிலிருந்தும் முஸ்லிம்களுக்கு முன் இங்கே ஆண்ட விசிகோத்தியர்களின் கட்டடங்களிலிருந்தும் எடுத்து வந்து மீண்டும் பயன்படுத்தப்பட்டவை. கிடைத்த தூண்கள் குட்டையாக இருந்தன. அவற்றின் மேல் நேராகக் கூரையைப் போட்டிருந்தால் அவ்வளவு பெரிய மண்டபம் தாழ்ந்து இருண்டிருக்கும். அதனால்தான் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவை எழுப்பிக் கூரையை உயர்த்தினார்கள். எல்லாரும் படமெடுக்கும் அந்தச் சிவப்பு வெள்ளை இரட்டை வளைவுகள் பிறந்த காரணம் இது. சிவப்பு செங்கல், வெள்ளை கல்.

அங்கிருந்து நேராகத் தென்சுவர் வரை சென்றால் பின்னாளில் ஆண்ட இரண்டாம் அல்ஹக்கம் காலத்து மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம், இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் அறுபதுகளில் உருவானது அது. பைசாந்தியப் (கிழக்கு ரோமானிய) பேரரசர் அனுப்பிய கைவினைஞர் அமைத்ததாகச் சொல்லப்படும் பொன்னிறக் கண்ணாடிச் சில்லு வேலை அதன் வளைவைச் சுற்றிலும் பதிந்திருக்கிறது. கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும். அங்கே நின்றவாறு தலையை உயர்த்தி, முன்னால் உள்ள குவிமாடத்தின் உட்புறத்தையும் அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் விலா வளைவுகள் நடுவில் எண்கோண இடத்தை விட்டுச் செல்லும் அழகை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு கிழக்கே நடங்கள். அது அல்மன்சூர் என்ற அமைச்சர் 987 வாக்கில் சேர்த்த பகுதி. தெற்கே நிலம் ஆற்றை நோக்கிச் சரிவதால் அப்பக்கம் நீட்ட வழியில்லாமல் பக்கவாட்டில் நீட்டினார். அதனாலேயே மிஹ்ராப் இன்று கட்டடத்தின் நடுவில் இல்லை. இங்குள்ள வளைவுகளைச் சற்று நெருங்கிப் பாருங்கள். சிவப்புப் பட்டைகள் செங்கல் அல்ல, கல்லின் மேல் பூசிய வண்ணம். அளவில் இதுவே மிகப் பெரிய விரிவாக்கம். ஆனால் வேலை அவசரத்தில் முடிந்ததை அந்தப் பூச்சு காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஓர் அரசு தன் உச்சத்திலிருந்து இறங்கும்போது என்ன நடக்கும் என்பதை வகுப்பில் விளக்க எவ்வளவு நேரம் தேவைப்படும் என்று உங்கள் மாமியாருக்குத் தெரியும். இங்கே இரண்டு வளைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாலே போதும். அல்மன்சூர் 1002இல் இறந்தார். அவர் அமைச்சராக இருந்த கோர்தோபாவின் கலிபா ஆட்சி 1031இல் முடிந்தது.

1236இல் கிறித்தவ மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ நகரைக் கைப்பற்றியபின் கட்டடம் தேவாலயமானது. தூண்களுக்கு நடுவே இன்று உயர்ந்து நிற்கும் பேராலயம் 1523இல் தொடங்கப்பட்டது. அதற்கு நகர மன்றமே கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்து, இடிப்பு வேலையில் கை வைப்பவருக்கு மரண தண்டனை என்று அறிவித்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் நின்றதால் வேலை நடந்தது. பின்னர் நேரில் கண்டு அவரே வருந்தினார் என்று ஒரு கதை வழங்குகிறது. நான் அந்தப் பேராலயத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதன் பாடகர் இருக்கைகளில் உள்ள மகோகனி மரச் செதுக்கல் தனித்து நின்று பார்க்கத் தக்கது. அதோடு, கட்டடம் தொடர்ந்து வழிபாட்டில் இருந்ததும் அது இடிபடாமல் எஞ்சியதற்கு ஒரு காரணம். இன்றும் அது கத்தோலிக்கப் பேராலயம் என்பதால் ஆண்கள் உள்ளே தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

என் முதன்மையான ஆலோசனை, இதை இரண்டு முறை பாருங்கள் என்பது. திங்கள் முதல் சனி வரை காலை 8:30 மணி முதல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கட்டணமில்லாமல் விடுகிறார்கள். அந்த நேரத்தில் குழுக்கள் கிடையாது, வழிகாட்டிகளின் குரல் கிடையாது. புதன் காலை அப்படிச் சென்று அமைதியாக நில்லுங்கள். மாலையில் கட்டணச் சீட்டுடன் மீண்டும் சென்று ஒவ்வொரு பகுதியாகப் பாருங்கள்.

---

செம்பருத்தி எழுதியது:

வழிப்போக்கன் ஐயா எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். காலை இலவச நேரத்தைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் என் அப்பாவுடன் சென்றேன். அவருக்கு 71 வயது, முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். இலவச நேரம் முடியும்போது பணியாளர்கள் எல்லாரையும் வாசலை நோக்கி அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியவருக்கு அந்த அவசரம் ஒத்துவராது. அப்பா பாதி வழியிலேயே திரும்ப நேர்ந்தது. மாமியாருக்காகத்தான் போகிறீர்கள் என்றால், கட்டணச் சீட்டிலேயே காலை முதல் நேரத்தை எடுத்து இரண்டு மணி நேரம் இருங்கள். தூண்களுக்கு நடுவே அமர இடம் குறைவு. பேராலயத்தின் நடுப்பகுதியில் நீண்ட மர இருக்கைகள் வரிசையாக உள்ளன. முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு அங்கே அமர வைத்துவிடுங்கள். அமர்ந்த இடத்திலிருந்தே ஒரு பக்கம் தேவாலயத்தின் வெண்மையான கூரையும், மறுபக்கம் வளைவுகளின் இருளும் தெரியும்.

மசூதியின் முன்னுள்ள ஆரஞ்சு மர முற்றத்துக்குக் கட்டணம் இல்லை. ஏப்ரலில் அந்த மரங்கள் பூத்திருக்கும். அந்தப் பூவுக்கு ஸ்பானிய மொழியில் அஸஹார் என்று பெயர். பூவைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மரத்துக்கு மரம் தரையில் சிறு கால்வாய் வெட்டி நீர் பாய்ச்சுகிறார்கள். மடை மாற்றுவதற்கு ஒரு சிறு பலகையைச் செருகி எடுப்பதை அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் வீட்டில் வயல் உண்டு என்பதால் அவருக்கு மணிக்கூண்டைவிட அதுதான் பிடித்தது. மணிக்கூண்டுக்குத் தனிச் சீட்டு, முழுக்கப் படிகள். அதை உங்கள் கணவர் மட்டும் ஏறட்டும். பழைய மசூதிக் கோபுரத்தின் எஞ்சிய பகுதி அதற்குள்ளேயே பொதிந்திருக்கிறது.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை தரையைப் பற்றியது. யூதக் குடியிருப்பு என்று அழைக்கப்படும் ஹுதெரியா பகுதியின் சந்துகள் பலவற்றில் ஆற்றுக் கூழாங்கற்களைச் செங்குத்தாகப் பதித்துத் தளம் போட்டிருக்கிறார்கள். மெல்லிய செருப்பில் நடந்தால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் குத்தும். சக்கரப் பெட்டியை இழுத்தால் கை நடுங்கும். தடித்த அடி கொண்ட காலணி கட்டாயம். விடுதியைச் சந்துக்குள் ஆழமாக எடுக்காமல், டாக்சி வாசல் வரை வரக்கூடிய இடத்தில் எடுங்கள். பழைய வீடுகளை விடுதியாக்கியவற்றில் சிலவற்றில் மின்தூக்கி இருக்காது. பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள்.

யூத வழிபாட்டிடத்தைத் தவறவிடாதீர்கள். ஒரே ஓர் அறைதான், பத்து நிமிடம் போதும், படியேற வேண்டியதில்லை. 1315இல் கட்டப்பட்டது, இடைக்காலத்தைச் சேர்ந்த இத்தகைய கட்டடங்கள் ஸ்பெயினில் நல்ல நிலையில் எஞ்சியிருப்பவை மிகச் சில. சுவரின் சுதை வேலையில் எபிரேய மொழியில் திருப்பாடல் வரிகள் ஓடும். 1492இல் யூதர்கள் நாடுகடத்தப்பட்ட பிறகு அது வெறிநாய்க்கடி நோயாளிகளுக்கான மருத்துவமனையானது. பின்னர் செருப்புத் தைப்போர் சங்கத்தின் சிற்றாலயமானது. மேலே வெள்ளையடித்துப் பூசியிருந்ததால் அடியில் இருந்த எழுத்துகள் பிழைத்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் வெளிப்பட்டன. அதற்கு அருகிலேயே யூத மெய்யியலாளர் மைமோனிதிஸின் சிலை இருக்கிறது. அவரும் முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு ருஷ்தும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதே ஊரில் பிறந்தவர்கள். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானிய மெய்யியலாளர் செனெகாவும் இங்கேதான் பிறந்தார். ஓர் ஆசிரியைக்கு இது போதாதா?

---

தேரோட்டி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். பழைய நகரின் பல தெருக்களில் குடியிருப்போரின் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. நுழைவிடத்தில் உள்ள கேமரா வண்டி எண்ணைப் படமெடுத்துவிடும். வழிகாட்டும் செயலி காட்டிய பாதையில் நாங்கள் விடுதி வாசல் வரை சென்றோம். விடுதிக்காரர் வண்டி எண்ணை அன்றே பதிவு செய்து தந்தால் சிக்கல் இருந்திருக்காது. அவர் மறந்துவிட்டார், நாங்களும் கேட்கவில்லை. ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து அபராதமும், அதன் மேல் வாடகை நிறுவனத்தின் நடைமுறைக் கட்டணமும் வந்தன. ரயிலும் டாக்சியும் போதும். நிலையத்திலிருந்து மசூதிப் பகுதிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான்.

---

அடுப்படி எழுதியது:

முட்டையும் சேர்க்காத சைவ உணவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கோர்தோபாவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கவனம் வேண்டும். ஊரின் பெயர் சொல்லும் உணவு சல்மொரேஹோ. தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை மைய அரைத்துக் குளிர வைத்துத் தருவார்கள். கரண்டியில் அள்ளினால் துவையல் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். அதன் மேல் வேகவைத்த முட்டையையும் பன்றி இறைச்சித் துருவலையும் கேட்காமலே தூவிவிடுவார்கள். "சின் ஹமோன், சின் உவெவோ" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டையும் தவிர்த்துத் தருவார்கள். மசமோர்ரா என்பது அதன் மூத்த உறவு. தக்காளிக்குப் பதில் பாதாம் அரைத்தது, வெள்ளையாக இருக்கும், சில கடைகளில் கிடைக்கும்.

உங்கள் மாமியாருக்கு நிச்சயம் பிடிக்கக்கூடியது பெரென்ஹெனாஸ் கோன் மியேல். கத்தரிக்காயை மெல்லியதாக நறுக்கி மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்து, மேலே கரும்புப் பாகை ஊற்றித் தருவார்கள். தட்டு மேசைக்கு வரும்போது பாகு இன்னும் மேலே மினுங்கிக்கொண்டிருக்கும். ஒரு வாயில் மொறுமொறுப்பும் உப்பும் வெல்லப்பாகின் இனிப்பும் சேர்ந்து வரும். மாவில் முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு, அதே எண்ணெயில் மீனையும் பொரிக்கும் கடைகளும் உண்டு. இவை உங்களுக்கு முக்கியம் என்றால் ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மூன்று இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. காய்கறி சாலட் என்று பட்டியலில் இருந்தாலும் டின் மீன் போட்டுவிடுவார்கள். "சின் அத்தூன்" என்று சொல்லுங்கள். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த குழம்பு மிக நன்றாக இருக்கும், ஆனால் இறைச்சிச் சாற்றில் கொதிக்க வைத்ததா என்று கேளுங்கள். பூசணி இனத்துக் காயின் இனிப்பை உள்ளே வைத்துச் செய்யும் பாஸ்தெல் கோர்தோபேஸ் என்ற அடுக்கு ரொட்டியைப் பார்த்தால் கை தானாக நீளும். அந்த அடுக்குகள் பன்றிக் கொழுப்பில் செய்யப்படுவது வழக்கம்.

நேரத்தையும் கவனியுங்கள். மதிய உணவு இரண்டு மணிக்கு மேல்தான், இரவு உணவு எட்டரைக்கு முன் பல கடைகளில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். மருந்து சாப்பிடும் பெரியவர் இருந்தால் அதற்கு முன்பே கொறிக்க எதையாவது கையில் வைத்திருங்கள். தக்காளி விழுதும் எண்ணெயும் தடவிய சுட்ட ரொட்டி காலையில் எந்தச் சிறு கடையிலும் கிடைக்கும். அது முழுச் சைவம்.

---

முல்லைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இதை முழுதும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். செங்கல்லுக்குப் பதில் வண்ணம் பூசிய வளைவுகளைப் பற்றிய பகுதியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்கள். கணவரும் கிரனாடாவை விட்டுவிடச் சம்மதித்துவிட்டார். செவ்வாய் நண்பகல் முதல் வியாழன் மாலை வரை என்று முடிவு செய்து ரயில் சீட்டும் எடுத்துவிட்டோம். மசூதிக்குப் புதன் காலைக் கட்டணச் சீட்டு.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. வியாழன் முற்பகலில் மதீனா அஸாஹாராவுக்கு மூட்டு வலி உள்ளவரை அழைத்துச் செல்லலாமா? வீடுகளின் உள்முற்றங்களைப் பூச்செடிகளால் அலங்கரிக்கும் புகழ்பெற்ற முற்றங்களின் திருவிழா மே மாதத்தில்தான் என்கிறார்கள். ஏப்ரலில் வருபவர்களுக்கு அவற்றைப் பார்க்க வழி உண்டா?

---

வழிப்போக்கன் எழுதியது:

முதலில் முற்றங்கள். திருவிழா மே மாதத்தின் முதல் இரு வாரங்களில் நடக்கும். நகர மன்றம் 1921இல் தொடங்கிய போட்டி அது, 2012இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த நாட்களில் விடுதி வாடகையும் கூட்டமும் ஏறிவிடும் என்பதால், முதியவருடன் ஏப்ரலில் செல்வதை நான் குறையாக நினைக்கவில்லை. வியானா அரண்மனையில் 12 முற்றங்கள் உள்ளன. அறைகளுக்குள் போகாமல் முற்றங்களை மட்டும் பார்க்கச் சீட்டு கிடைக்கும். பெரும்பாலும் தரைத்தளம், அமரவும் இடம் உண்டு. சான் பசிலியோ பகுதியிலும் சில வீடுகள் திருவிழா இல்லாத காலத்திலும் சிறு கட்டணத்தில் திறந்திருக்கும். சுவர் முழுதும் நீலத் தொட்டிகளில் ஜெரேனியம் தொங்கும். எட்டாத உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு எப்படி நீர் ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள்: நீண்ட மூங்கில் போன்ற கழியின் நுனியில் ஒரு பழைய தகரக் குவளையைக் கட்டி, அதில் நீரை மொண்டு, கழியை உயர்த்தி, மெல்லச் சாய்க்கிறார்கள். நான் பார்த்த மூதாட்டி ஒரு சொட்டு கூடச் சிந்தாமல் ஏழெட்டுத் தொட்டிகளுக்கு ஊற்றினார்.

மதீனா அஸாஹாரா உங்கள் மாமியார் கற்பித்த பாடத்தின் மறுபாதி. மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929இல் தம்மைக் கலிபா என்று அறிவித்துக்கொண்டு, 936 வாக்கில் நகருக்கு மேற்கே எட்டு கிலோமீட்டரில் மலைச்சரிவில் இந்த அரண்மனை நகரை எழுப்பத் தொடங்கினார். 1010க்குள் உள்நாட்டுப் போரில் அது சூறையாடப்பட்டுவிட்டது. ஒரு தலைநகரம் எழுபத்தைந்து ஆண்டுகள் கூட வாழவில்லை. பிறகு வந்தவர்கள் அதன் கற்களைப் பிற கட்டடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அது என்ன இடம் என்பதே பல நூற்றாண்டுகள் மறந்துபோயிற்று. 1911இல்தான் முறையான அகழாய்வு தொடங்கியது. இன்றுவரை தோண்டியிருப்பது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் புல்லுக்கு அடியில் இருக்கிறது.

மூட்டு வலிக்கு உகந்த இடமா என்றால், பாதி உகந்தது. நகரிலிருந்து காலையில் அதற்கெனப் பேருந்து செல்லும். சீட்டை முதல் நாளே எடுத்து வையுங்கள். பேருந்து முதலில் அடிவாரத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கும். அங்கே குறும்படம், செதுக்கிய தூண் தலைப்புகள், மட்பாண்டங்கள் ஆகிய அனைத்தும் குளிரூட்டிய சமதளத்தில் உள்ளன. அங்கிருந்து இன்னொரு சிறு பேருந்து இடிபாடுகளுக்கு ஏற்றிச் செல்லும். அங்கே மேல் மட்டத்தில் இறங்கி, அடுக்கடுக்கான தளங்கள் வழியே கீழே போய், திரும்ப ஏறி வர வேண்டும்; நிழல் மிகக் குறைவு. ஆகவே மேல் தளத்தோடு மாமியார் நின்றுவிடட்டும். அங்கிருந்து பார்த்தாலே முழு அமைப்பும், அதற்கு அப்பால் ஆற்றுச் சமவெளியும் தெரியும். நீங்கள் இருவரும் கீழே இறங்கி வளைவுகளின் வரிசை வரை சென்று வரலாம். குடையும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். நண்பகலுக்குப் பின் நகருக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு, மாலை ரயிலுக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம்.

கடைசியாக, செவ்வாய் மாலையை வீணாக்காதீர்கள். விடுதியில் ஓய்வெடுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ரோமானியப் பாலத்துக்குப் போங்கள். 16 வளைவுகள் கொண்ட அந்தப் பாலம் பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. இப்போது வண்டிகள் கிடையாது, தரையும் சீரானது, மெதுவாக நடப்பவருக்கு அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. கீழே ஓடும் குவாதல்கிவீர் என்ற பெயர், பேராறு என்று பொருள்படும் அரபுத் தொடரின் திரிபு. தென்கரையில் உள்ள கலாஓர்ரா கோபுரம் வரை சென்று திரும்பி நின்றால், ஆற்றுக்கு மேலே மசூதியின் மதிலும் அதற்குள்ளிருந்து எழும் பேராலயமும் ஒரே பார்வையில் தெரியும். விளக்குகள் போடும் வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்; கரையோரச் சுவர் அமர வசதியான உயரத்தில் இருக்கும்.